அடித்து எழுதிய பெயர்

1913 ஜூலை 7 அன்று லண்டனில், மறைந்த எழுத்தாளர் ஒருவரின் நூல்களும் தாள்களும் சோதபி நிறுவனத்தின் ஏலத்துக்கு வந்தன. அவற்றுள் ஒரு கட்டு, அவர் எழுதிய நாவல் ஒன்றுக்கான மூலக் குறிப்புகள். அது இரண்டு பவுன் இரண்டு ஷில்லிங்குக்குப் போயிற்று. பவுனுக்கு இருபது ஷில்லிங் என்ற கணக்கில் நாற்பத்திரண்டு ஷில்லிங். அந்த நாவல் முதலில் வெளிவந்தபோது ஒரு பிரதியின் விலை ஆறு ஷில்லிங். ஏழு ஆண்டுகள் சேர்த்த குறிப்புகள் ஏழு பிரதிகளின் விலைக்குக் கைமாறின.

எழுத்தாளர் பிராம் ஸ்டோக்கர். டப்ளினை ஒட்டிய குளோண்டார்ஃபில் 1847இல் பிறந்தவர். லண்டன் லைசியம் நாடக அரங்கில் நடிகர் ஹென்றி இர்விங்கின் மேலாளராக இருபத்தேழு ஆண்டுகள் உழைத்து, 1912 ஏப்ரலில் இறந்தார். நாவலின் பெயர் ‘டிராகுலா’. ஏலத்துக்குப் பிறகு பல பத்தாண்டுகள் அந்தக் கட்டு ஆய்வாளர்களின் கண்ணில் படவில்லை. 1970இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரிலுள்ள ரோசன்பாக் அருங்காட்சியகம் அதை வாங்கியது. ராபர்ட் எய்ட்டீன்-பிசாங், எலிசபெத் மில்லர் என்ற இரு ஆய்வாளர்கள் 2008இல் அதன் நிழற்படப் பதிப்பைக் கொண்டுவந்தார்கள். இடப்பக்கம் ஸ்டோக்கரின் கையெழுத்து, வலப்பக்கம் அதன் அச்சு வடிவம் என்று ஓடும் அந்தப் பதிப்புதான் என் மேசையில் இருக்கிறது. அந்தக் கையெழுத்து எளிதில் பிடிபடுவதில்லை. சில சொற்களுக்கு அரை மணி நேரம் ஆனது.

நான் தேடியது ஒரு பெயரின் பிறப்பை. உலகின் எந்த மூலையிலும் ரத்தக்காட்டேரி என்றதும் நினைவுக்கு வருகிற அந்த ஒற்றைப் பெயர் ஸ்டோக்கருக்கு எங்கே, எப்போது கிடைத்தது?

இதற்குப் புகழ்பெற்ற விடைகள் ஏற்கெனவே இரண்டு உண்டு. முதலாவது கனவு. ஓர் இரவு நண்டு உணவை அளவுக்கு மீறிச் சாப்பிட்டதால் வந்த கெட்ட கனவிலிருந்தே நாவல் முளைத்தது என்பது குடும்பத்தின் வழியாக வந்த கதை. இரண்டாவது வரலாறு. பதினைந்தாம் நூற்றாண்டில், இன்றைய ருமேனியாவின் தென்பகுதியான வலாக்கியாவை ஆண்ட மூன்றாம் விளாட், பகைவர்களைக் கழுவில் ஏற்றியதால் ‘கழுவேற்றி’ என்ற பொருளில் ‘செப்பெஷ்’ எனப்பட்டவன், அவனே ஸ்டோக்கரின் பாத்திரத்துக்கு மூலம் என்பது. பாஸ்டன் கல்லூரிப் பேராசிரியர்கள் ரேமண்ட் மெக்நாலி, ராடு ஃப்ளோரெஸ்கு எழுதி 1972இல் வந்த நூல் இதை உலகெங்கும் பரப்பியது. இன்று ருமேனியச் சுற்றுலாவில் ஒரு பகுதி இந்த விடையின் மேல்தான் நிற்கிறது.

இரண்டையும் தாள்களின் முன் வைத்துப் பார்ப்போம்.

தேதியிட்ட குறிப்புகளில் மிகப் பழையது 1890 மார்ச் 8ஆம் நாளுக்குரியது. அதில் ஒரு காட்சி உருவாகியிருக்கிறது: ஓர் இளைஞன், சில பெண்கள், அவர்களில் ஒருத்தி அவனை முத்தமிடக் குனிகிறாள், உதட்டில் அல்ல, கழுத்தில், கிழப் பிரபு ஒருவர் சினத்தோடு குறுக்கே வந்து, இவன் எனக்குரியவன் என்கிறார். அச்சான நாவலின் மூன்றாம் அத்தியாயத்தில் இதே காட்சி வருகிறது. பின்னர் எழுதிய குறிப்புகளிலும் இது திரும்பத் திரும்பத் தலைகாட்டுகிறது. சேர்த்தும் நீக்கியும் ஏழாண்டுகள் திட்டத்தை மாற்றிக்கொண்டே போனவர் இந்த ஒன்றை மட்டும் கைவிடவில்லை. கனவு என்ற சொல்லோ நண்டோ அந்தத் தாளில் இல்லை. ஆனால் காரணம் சொல்லாமல் ஒருவரைப் பிடித்துக்கொண்ட காட்சி இது என்பதைத் தாள் காட்டுகிறது. அதனால் கனவுக் கதையை நான் முழுவதும் தள்ளிவிடவில்லை, சான்றாகவும் எடுத்துக்கொள்ளவில்லை.

அந்தக் கிழப் பிரபுவுக்கு அப்போது பெயர் இல்லை. அவர் வாழ்ந்த இடமும் டிரான்சில்வேனியா அல்ல. தொடக்கக் குறிப்புகளில் இருப்பது ஸ்டீரியா, ஆஸ்திரியாவின் ஒரு மாநிலம். இது ஏன் என்று ஊகிப்பது கடினமல்ல. ஸ்டோக்கரைப் போலவே டப்ளின்காரரான ஷெரிடன் லெ ஃபானு 1872இல் நூலாக வெளியிட்ட ‘கார்மில்லா’ என்ற ரத்தக்காட்டேரிக் கதை ஸ்டீரியாவில் நடக்கிறது. முன்னோடியின் நிலத்தில் நின்றபடியே ஸ்டோக்கர் தொடங்கியிருக்கிறார். பிறகு ஸ்டீரியா என்ற சொல்லின் மேல் ஒரு கோடு விழுகிறது.

இனி, நான் அதிக நேரம் செலவிட்ட தாள். அது நாவலின் பாத்திரங்களின் பட்டியல். மருத்துவர், வழக்கறிஞர், துப்பறிவாளர், பெண்கள் என்று வரிசையாகப் போகிறது. பிரபுவின் பெயர் வரும் இடத்தில் ஸ்டோக்கர் முதலில் எழுதியது ‘வாம்பிர்’. காட்டேரிப் பிரபுவுக்குக் காட்டேரி என்றே பெயர். அந்தச் சொல்லை அடித்துவிட்டு ‘டிராகுலா’ என்று எழுதியிருக்கிறார். அது போதாதென்று தாளின் தலைப்பகுதியில் அதே பெயரை மீண்டும் மீண்டும் எழுதியிருக்கிறார். ஒலியை வாய்க்குள் சுழற்றிப் பார்க்கிறவரின் எழுத்தாக அது எனக்குப் படுகிறது. நாடக அரங்கில் வாழ்ந்தவருக்குப் பெயரின் ஓசை முக்கியம்.

சிக்கல் என்னவென்றால் அந்தத் தாளில் தேதி இல்லை. பெயர் வந்த வழியை வேறு தாள்களிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

1890 கோடையில் ஸ்டோக்கர் இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையிலுள்ள விட்பி என்ற மீன்பிடி ஊருக்கு விடுமுறைக்குப் போனார். அங்கே சந்தா நூலகம் ஒன்று இருந்தது. கட்டணம் கட்டியவர்கள் நூல் எடுத்துப் படிக்கும் நூலகம். ஸ்டோக்கரின் குறிப்புகளில் ஒரு நூலின் பெயரும், விட்பி நூலகம் என்ற சொற்களும், 0.1097 என்ற எண்ணும் இருக்கின்றன. அது அலமாரியில் அந்த நூல் நிற்கும் இடத்தைக் காட்டும் அடுக்கு எண். ஆய்வாளருக்கு இதைவிடப் பெரிய பரிசு வாய்ப்பது அரிது. எந்த நூலைப் படித்தார் என்பதோடு எந்தப் படியைக் கையில் எடுத்தார் என்பதுவரை அந்த எண் நம்மை அழைத்துப்போகிறது.

நூல், வலாக்கியா, மோல்டாவியா நாடுகளைப் பற்றி வில்லியம் வில்கின்சன் எழுதி 1820இல் வெளிவந்தது. வில்கின்சன் புக்காரெஸ்டில் பிரிட்டிஷ் தூதரக அலுவலராக இருந்தவர். அரசியல், வணிகம், மக்கள் வழக்கம் பற்றிய வறண்ட நூல். அதில் ஒரு ‘வோய்வோட்’ துருக்கியருக்கு எதிராக டான்யூப் ஆற்றைக் கடந்து போரிட்ட செய்தி வருகிறது. வோய்வோட் என்றால் முதலில் படைத்தலைவன். நாளடைவில் நாட்டை ஆளும் சிற்றரசனுக்கும் அதுவே பட்டமாயிற்று. அந்த வோய்வோட் பெயர் டிராகுலா. பக்கத்தின் அடியில் ஒரு சிறு குறிப்பு: டிராகுலா என்றால் வலாக்கிய மொழியில் பிசாசு, வீரத்தாலோ கொடுமையாலோ தந்திரத்தாலோ பேர்பெற்றவருக்கு அம்மக்கள் அதைப் பட்டப்பெயராக வைப்பார்கள். ஸ்டோக்கர் இந்த அடிக்குறிப்பைப் பெயர்த்து எழுதிக்கொண்டார்; டிராகுலா, பிசாசு என்ற சொற்களைப் பெரிய எழுத்துகளில் இட்டிருக்கிறார்.

பெயர் கிடைத்த இடம் இதுதான் என்று நான் கருதுகிறேன். ஆனால் இதே தாளை விளாட் கட்சியினரும் தங்கள் சான்றாகக் காட்ட முடியும். வில்கின்சன் சொல்லும் டிராகுலா வரலாற்றில் யார் என்று பார்த்தால், விளாடுக்கும் அவன் குடும்பத்துக்கும் போய்ச் சேரலாமே? சேரலாம். ஆனால் ஸ்டோக்கர் போய்ச் சேர்ந்தாரா என்பதல்லவா கேள்வி? வில்கின்சன் நூலில் விளாட் என்ற பெயர் அந்த மன்னனுக்குத் தரப்படவில்லை, கழுவேற்றம் பேசப்படவில்லை. ஸ்டோக்கரின் குறிப்புகளிலும் இரண்டும் இல்லை. மரமுளையைக் காட்டேரியின் நெஞ்சில் அறையும் நாவலை எழுதியவர், பல்லாயிரம் பேரை மரமுளையில் ஏற்றியதாகச் சொல்லப்படும் மன்னனை அறிந்திருந்தால், அதை ஓரிடத்திலாவது குறிக்காமல் விட்டிருப்பாரா? இல்லாமையை வைத்து வாதிடுவது எப்போதும் ஆபத்து. ஆனாலும் படகு கவிழ்ந்தால் காற்றின் வேகம் என்ன என்பதுவரை எழுதிவைத்தவரின் தாள்களில் இந்த மௌனம் கனமானது. மெக்நாலியும் ஃப்ளோரெஸ்குவும் தங்கள் நூலை வெளியிட்ட பிறகே ரோசன்பாக் தாள்களைக் கண்டார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எலிசபெத் மில்லர் 2000இல் எழுதிய நூலில் இந்த முடிச்சைப் பொறுமையாக அவிழ்த்துக் காட்டினார். ஸ்டோக்கர் எடுத்துக்கொண்டது ஒரு பெயரையும், ஆற்றைக் கடந்து துருக்கியரோடு போரிட்டான் என்ற ஒரு வரிச் செய்தியையும்தான். நாவலில் பிரபுவை வேட்டையாடும் பேராசிரியர் வான் ஹெல்சிங், பிரபுவின் முன்வரலாறாகச் சொல்வதும் கிட்டத்தட்ட அவ்வளவே.

விளாட் கட்சிக்கு இன்னொரு வழி இருந்தது. ஹங்கேரிய அறிஞர் ஆர்மின் வாம்பேரி 1890 ஏப்ரல் 30 அன்று லைசியத்தில் இர்விங்கோடும் ஸ்டோக்கரோடும் இரவு உணவு உண்டார். அவர் சொல்லித்தான் விளாடின் கதை ஸ்டோக்கருக்குத் தெரியும் என்றார்கள். நாவலில் புடாபெஸ்டின் ஆர்மினியஸ் என்று ஒரு நண்பரை வான் ஹெல்சிங் குறிப்பிடுவது இந்த வாதத்துக்கு வலுச் சேர்த்தது. நானும் சில நாட்கள் இதை நம்பினேன். பிறகு தேதிகளை வரிசையாக எழுதிப் பார்த்தேன். காட்டேரிப் பிரபு ஏற்கெனவே மார்ச் 8 தாளில் இருக்கிறார். பெயரோ கோடையில் விட்பியில் கிடைக்கிறது. நடுவில் வந்த அந்த இரவைப் பற்றி ஸ்டோக்கரே தன் இர்விங் நினைவு நூலில் எழுதியிருக்கிறார். டிராகுலா பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை. குறிப்புத் தாள்களிலும் வாம்பேரி எதையும் தந்ததாகச் சுவடு இல்லை. ஆர்மினியஸ் என்ற பெயர், சந்தித்த அறிஞருக்கு ஓர் எழுத்தாளர் செய்த மரியாதை என்று கொள்வதே பொருத்தம்.

விட்பி பெயரை மட்டும் தரவில்லை. 1885 அக்டோபர் 24 அன்று புயலில் ஒரு ரஷ்யக் கப்பல் அங்கே கரையில் மோதியது. பெயர் ‘டிமிட்ரி’, புறப்பட்ட துறைமுகம் நார்வா. ஐந்தாண்டு கழித்து வந்த ஸ்டோக்கர் கடலோரக் காவலரிடம் பேசி, அவர்களுடைய பதிவேட்டிலிருந்து விவரங்களைப் பெற்றார். கப்பலில் இருந்தது வெள்ளி மணல். சரக்கில்லாத கப்பல் கவிழாமல் இருக்க அடியில் ஏற்றும் பாரம். நாவலில் ‘டிமீட்டர்’ என்ற ரஷ்யக் கப்பல் அதே கரையில், அதே வெள்ளி மணலோடு, கூடுதலாக மண் நிரப்பிய ஐம்பது மரப்பெட்டிகளோடு வந்து மோதுகிறது. அது புறப்பட்ட துறைமுகம் வார்னா. நார்வாவின் எழுத்துகளை இடம் மாற்றினால் வார்னா. இதைக் கண்டபோது எழுந்து சற்று நடந்துவிட்டு வந்தேன். ஆனால் திரும்பி உட்கார்ந்ததும் ஒரு தடை எழுந்தது. வார்னா கருங்கடலில் உண்மையாகவே இருக்கும் துறைமுகம். டிரான்சில்வேனியாவிலிருந்து கடல்வழியே வர வேண்டிய ஒருவருக்கு அது இயல்பான புறப்பாட்டு இடம். எழுத்து விளையாட்டு இல்லாமலே ஸ்டோக்கர் அங்கு போயிருக்கக்கூடும். கப்பல், மணல், கரை மூன்றையும் உறுதி என்று குறித்தேன். எழுத்து மாற்றத்தின் அருகே கேள்விக்குறியை விட்டுவைத்தேன்.

விட்பியின் மாதா கோயில் கல்லறைத் தோட்டத்தில் கற்களிலிருந்து பெயர்களை ஸ்டோக்கர் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். நாவலில் வரும் கிழ மாலுமி ஸ்வேல்ஸின் பெயர் அப்படி வந்தது. அந்தக் கிழவர் பேசும் வட்டார வழக்குக்கு, எஃப். கே. ராபின்சன் தொகுத்த விட்பி வட்டாரச் சொல்லகராதியிலிருந்து சொற்களைப் பட்டியலிட்டிருக்கிறார்.

லண்டனில் இதே வேலை இன்னொரு நூலகத்தில் நடந்தது. ஸ்டோக்கர் 1890 முதல் ஏழாண்டுகள் லண்டன் நூலகத்தின் உறுப்பினர். 2018இல் அங்கு பணியாற்றிய ஃபிலிப் ஸ்பெடிங், ஸ்டோக்கரின் குறிப்புகளில் உள்ள நூற்பட்டியலை எடுத்துக்கொண்டு அலமாரிகளுக்குப் போனார். இருபத்தாறு நூல்களில் பென்சில் அடையாளங்கள் கிடைத்தன: பெருக்கல் குறி, அடிக்கோடு, இதைப் படியெடுக்க என்ற கட்டளை. பென்சில் கோட்டுக்குச் சொந்தக்காரர் யார் என்று எப்படிச் சொல்வது? நூறாண்டுகளில் எத்தனையோ கைகள் அந்த நூல்களைத் தொட்டிருக்கும். ஒரு நூல் மட்டும் என்றால் நானும் ஐயுற்றிருப்பேன். ஆனால் ஓநாய் மனிதர் பற்றி ஒன்று, கார்ப்பாத்திய மலைப் பயணம் பற்றி ஒன்று என்று தொடர்பற்ற நூல்களில் ஒரே வகை அடையாளம். அவையும் ஸ்டோக்கர் தன் குறிப்பில் எடுத்தாண்ட அதே பகுதிகளின் அருகே. நூலக நூலில் கோடிடுவது தவறுதான். அந்தத் தவற்றுக்கு இன்று நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரு வரலாற்றுத் திருத்தம் எவ்வளவு மெல்ல நடக்கும் என்பதற்கு ஐஸ்லாந்து நல்ல சான்று. ‘மலைமங்கை’ என்று பொருள்படும் பெயர்கொண்ட ஐஸ்லாந்து இதழில் அதன் ஆசிரியர் வால்டிமார் ஆஸ்முண்ட்சன் 1900இல் ‘டிராகுலா’வைத் தொடராக வெளியிட்டார், 1901இல் நூலாயிற்று, தலைப்பு ‘இருளின் ஆற்றல்கள்’. 1986இல் அதன் முன்னுரை மட்டும் ஆங்கிலத்தில் வந்தது. ஸ்டோக்கரின் கையொப்ப எழுத்துகள் கொண்ட முன்னுரை என்பதால் எல்லோரும் அதையே பேசினார்கள். உள்ளே இருப்பது சுருக்கமான மொழிபெயர்ப்பு என்று எண்ணி ஏறத்தாழ முப்பதாண்டுகள் யாரும் அடுத்த பக்கத்தைத் திருப்பவில்லை. ஹான்ஸ் டி ரூஸ் என்ற ஆய்வாளர் திருப்பினார். அது வேறு கதை! நாவலின் நாயகி மினாவின் பெயர் வில்மா, கோட்டைக்குப் போகும் அவள் கணவன் ஜோனதனின் பெயர் தாமஸ். நூலின் பெரும்பகுதி பிரபுவின் கோட்டையிலேயே நடக்கிறது. அங்கே காது கேளாத, வாய் பேசாத ஒரு பணிப்பெண். பின்னர் ஒரு துப்பறிவாளர். இப்போது ரோசன்பாக் தாள்களுக்குத் திரும்புங்கள். நாவலில் இடம்பெறாத ஒரு துப்பறிவாளரும், காது கேளாத வாய் பேசாத ஒரு பணிப்பெண்ணும் ஸ்டோக்கரின் தொடக்கத் திட்டத்தில் இருக்கிறார்கள். அப்படியானால் ஸ்டோக்கர் தன் பழைய வரைவை ஐஸ்லாந்துக்கு அனுப்பினாரா?

டி ரூஸின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2017இல் வந்தது. அதே ஆண்டில் சுவீடனின் ரிக்கார்ட் பெர்க்ஹோர்ன் ஒரு செய்தியோடு வந்தார்: ஐஸ்லாந்து நூலுக்கு முன்பே, 1899 ஜூனில், அதே தலைப்பில் ஒரு சுவீடிய நாளிதழில் தொடர் தொடங்கியிருந்தது. ஆஸ்முண்ட்சன் ஸ்டோக்கரோடு சேர்ந்து எழுதியிருப்பாரோ என்ற கோட்பாடு ஒரே நாளில் சரிந்தது. ஐஸ்லாந்து நூல் சுவீடியத்தின் வழிவந்தது. டி ரூஸ் இதை ஏற்றுக்கொண்டு, சுவீடியப் பதிப்புகளைத் தானே ஒப்பிடத் தொடங்கினார் என்பது எனக்கு அவர்மேல் மதிப்பைக் கூட்டியது. அந்த ஒற்றுமைகளை நான் அளவோடுதான் எடைபோடுகிறேன். ஸ்டோக்கரின் குறிப்பில் அந்தப் பணிப்பெண் இருப்பது லண்டனில். ஐஸ்லாந்து நூலிலோ கோட்டையில். பாழடைந்த கோட்டைக் கதைகளில் பேசாத வேலையாட்கள் அந்தக் காலத்தில் வழக்கமானவர்கள்; துப்பறிவாளர் அதைவிட வழக்கமானவர்.

இத்தனை பேர் இத்தனை மொழிகளில் இந்த ஒரு நூலுக்காகத் தாள்களைக் கிளறுவது ஏன் என்று நான் கேட்டுக்கொண்டதுண்டு. விடை நாவலுக்குள்ளேயே இருக்கிறது என்பது இந்தத் தேடலில் எனக்கு உறுதிப்பட்டது. முதல் நான்கு அத்தியாயங்களுக்குப் பிறகு பிரபு நேரில் தோன்றும் இடங்கள் மிகக் குறைவு. நூலை நிரப்புவது நாட்குறிப்பு, கடிதம், தந்தி, செய்தித்தாள் நறுக்கு, கப்பலின் பதிவு, மெழுகு உருளையில் பேசிப் பதித்த மருத்துவரின் குரல். மினா இவற்றையெல்லாம் தேதி வரிசையில் தட்டச்சு செய்கிறாள், கரித்தாள் வைத்துப் படிகளோடு. பிரபு ஓர் இரவு புகுந்து கையெழுத்துப் படியையும் உருளைகளையும் நெருப்பில் போடுகிறார். இரும்புப் பெட்டியில் இன்னொரு படி இருந்ததால் வழக்கு பிழைக்கிறது. பிறகு ஜோனதன் வண்டிக்காரர்களிடமும் சரக்குச் சீட்டுகளிலும் அந்த ஐம்பது பெட்டிகளின் கணக்கைத் தேடுகிறான். மைல் எண்டில் ஆறு, பெர்மண்ட்சியில் ஆறு, பிக்கடில்லியில் ஒன்பது. மீதி இருபத்தொன்பது பிரபு வாங்கிய பழைய வீட்டில். பல நூற்றாண்டு வாழ்ந்த பிசாசை அவர்கள் மடக்குவது சிலுவையாலும் பூண்டாலும் மட்டுமல்ல, பெட்டிக் கணக்காலும் ரயில் அட்டவணையாலும். படிக்கிறவர் அச்சத்தோடு கூடவே கணக்கையும் சரிபார்த்துக்கொண்டு போகிறார். அந்த வேலையில் ஒருமுறை இறங்கியவரால் அட்டையை மூடியதும் நிறுத்த முடிவதில்லை. நூலுக்கு வெளியேயும் பெட்டிகளைத் தேடத் தொடங்கிவிடுகிறார். கடைசிப் பக்கத்தில் ஜோனதன் தங்களிடம் உள்ள தாள்களில் மூல ஆவணம் என்று சொல்லத்தக்கது அநேகமாக இல்லை, எல்லாம் தட்டச்சுப் படிகளே என்று ஒப்புக்கொள்ளும் இடத்தை இப்போது படித்தால் எனக்கு 1913 ஏலக் கட்டுதான் நினைவுக்கு வருகிறது.

இன்னும் ஒரு சுவடு. நாவலின் தட்டச்சுப் படி ஒன்று 1980களில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு பண்ணைக் களஞ்சியத்தில் கிடைத்தது. கோட்டை இடிந்து மண்ணோடு போகும் ஒரு முடிவுப் பகுதி அதில் இருக்கிறது. அடிக்கப்பட்டு, அச்சில் வராமல் போனது. தலைப்புத் தாளில் ஸ்டோக்கர் தன் கையால் எழுதியிருப்பது ‘டிராகுலா’ அல்ல, ‘இறவாதோர்’. 1890 கோடையில் கண்டெடுத்துத் திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்த பெயர், ஏழாண்டு கழித்தும் அட்டைக்கு ஏறவில்லை.

அது ஏறிய நேரத்தை இன்னொரு ஆவணம் ஏறத்தாழக் காட்டுகிறது. கதையை மேடையேற்றும் உரிமையைக் காப்பாற்றிக்கொள்ள, நூல் வெளிவருமுன் ஒருமுறை அதை நாடகமாகப் படித்துக் காட்டுவது அன்றைய சட்டத் தேவை. 1897 மே 18 காலையில் லைசியத்தில் அந்த வாசிப்பு நடந்தது; நடிகை எல்லன் டெரியின் மகள் எடித் கிரெய்க் மினாவாகப் படித்தார். தணிக்கைக்குத் தந்த நாடகப் படி இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. ஸ்டோக்கர் அவசரத்தில் நாவலின் அச்சுத் திருத்தத் தாள்களையே கத்தரியால் வெட்டி ஒட்டி, இடையிடையே கையால் எழுதிச் சேர்த்திருக்கிறார். அதன் தலைப்பில் இரண்டு பெயர்களும் நிற்கின்றன: ‘டிராகுலா அல்லது இறவாதோர்’. எட்டு நாட்கள் கழித்து, மே 26 அன்று, கான்ஸ்டபிள் நிறுவனத்தின் நூல் மஞ்சள் துணி அட்டையோடு கடைக்கு வந்தது. சிவப்பு எழுத்தில் தலைப்பாக ஒரே சொல்.